மறுபடி சார்

ஜூன் 4

இன்று பாதி நாள் ஒரு பொத்தானோடு போய்விட்டது. அக்காவின் வகுப்புக்காக நான் எழுதிக்கொண்டிருக்கும் செயலியில் டீச்சர் அழுத்த வேண்டிய ஒரே பொத்தான் அது. பெரிதாக வைத்தால் அசிங்கமாக இருக்கிறது. சின்னதாக வைத்தால் அக்கா மூக்குக் கண்ணாடியைத் தேடுவாள். சுற்றிச் சுற்றி முதலில் வைத்த இடத்திலேயே கொண்டுவந்து வைத்தேன்.

அக்கா ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள்: "ஒரு டீச்சர் தன் சம்பளத்துல வாங்க முடியாத எதையும் செய்யாதே. அப்புறம், பிள்ளைங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நான் கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு நிக்க மாட்டேன்." அதனால் இணையம் வேண்டாம், புது இயந்திரம் வேண்டாம். வீடுகளில் இழுப்பறைக்குள் தூங்கும் பழைய போன்கள் போதும். டீச்சர் தன் போனில் அந்தப் பொத்தானை அழுத்தினால் பிள்ளைகளின் போன்களில் பாடத்தின் ஒரு வரி மட்டும் தெரியும். ஒரு குரல் அதைப் படிக்கும். எந்தச் சொல்லைப் படிக்கிறதோ அந்தச் சொல் நிறம் மாறும். அவ்வளவுதான்.

எழுத்துகள் ஒரு இடத்தில் நிற்காத பிள்ளைகள் அவர்கள். நானும் அப்படி ஒரு பிள்ளைதான். இப்போது டிஸ்லெக்சியா என்கிறார்கள். எங்கள் காலத்தில் மக்கு என்று சுருக்கமாக முடித்துவிடுவார்கள். ஐம்பதைத் தொடப் போகிறேன், இன்னும் யார் முன்னாலும் சத்தமாகப் படித்ததில்லை. அலுவலகக் கூட்டங்களில் என் முறை வந்தால் தொண்டை கட்டியிருக்கிறது என்பேன். இந்த நாட்குறிப்பு எனக்குப் பிடிப்பதே அதனால்தான். வாய்விட்டுப் படி என்று இது கேட்பதில்லை.

ஜூன் 9

ஒரு வரி மட்டும் தெரியும் அந்தச் சன்னலை இன்று திரையில் வரைந்து முடித்தேன். முடித்த பிறகுதான் உறைத்தது, இதை நான் கண்டுபிடிக்கவில்லை.

சோப்பு டப்பா அட்டை. அக்கா அதில் பிளேடால் ஒரு நீளக் கோடு வெட்டி என் புத்தகத்தின் மேல் வைப்பாள். மற்ற வரிகள் எல்லாம் மறைந்து ஒன்று மட்டும் சன்னல் வழியே எட்டிப் பார்க்கும். சரித்திரப் பாடம் முழுக்கச் சோப்பு வாசம் அடிக்கும். அப்படியும் நான் தடுமாறினால், "சரி, நீ காதைக் கொடு" என்று அவளே படிக்க ஆரம்பித்துவிடுவாள். நான் தரையில் படுத்து, காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு கேட்பேன். ராஜாக்களுக்கெல்லாம் ஜலதோஷம் பிடித்த குரல். விஞ்ஞானத்துக்கு பஸ் கண்டக்டர் குரல். பரீட்சை அறையில் ஒளிச்சேர்க்கையைப் பற்றி எழுதும்போது "உள்ளே போ, உள்ளே போ" என்று கண்டக்டர் சூரிய ஒளியை இலைக்குள் தள்ளிக்கொண்டிருப்பார். எனக்குச் சிரிப்பு வந்து வெளியே அனுப்பப் பார்த்தார்கள்.

அந்த அறையில் இருந்தது ஒரே ஒரு மேசை விசிறி. அது எப்போதும் அக்கா பக்கம்தான் திரும்பியிருக்கும். "படிக்கிறவளுக்குத்தான் மூச்சு வாங்கும்" என்பது அவள் சட்டம். வியர்த்து வழிந்தாலும் நான் எதிர்த்துப் பேசியதில்லை. ஒரே ஒரு சாயங்காலத்துக்கு அந்த அறைக்குத் திரும்பிப் போகலாம் என்று யாராவது சொன்னால், இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுப் போய்விடுவேன்.

ஜூன் 17

அக்காவின் தொண்டையில் கட்டி. வருஷக்கணக்காகக் கத்திக் கத்திப் பாடம் நடத்தியதற்குக் கிடைத்தது. நல்ல கட்டிதான், பயப்பட ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். கட்டியில் என்ன நல்லது? எடுத்த பிறகு சில வாரம் வாயே திறக்கக் கூடாதாம். அதன் பிறகு குரல் எப்படி வரும் என்று இப்போது சொல்ல முடியாதாம்.

அத்தான் சூழ்நிலையை லேசாக்கப் பார்த்தார். "கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறம் நான் ஒரு வாக்கியத்தை முழுசா முடிக்கப் போறேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. டீ போடுகிறேன் என்று சமையலறைக்குப் போனவர் நெடுநேரம் வரவில்லை.

அக்காவின் கவலை தொண்டை இல்லை, வகுப்பு. தலைமையாசிரியை கேட்டதும் சொன்னாராம்: "நீங்க ஓய்வெடுங்க டீச்சர். அந்தப் பிள்ளைங்களை மத்த வகுப்புல பிரிச்சு உட்கார வெச்சுடலாம்."

"பிரிச்சா அதுங்க எல்லாம் கடைசி பெஞ்சுதான்டா. நீ உட்கார்ந்திருந்தியே, அதே இடம்."

அக்கா விடவில்லை. செயலியைப் பற்றிச் சொல்லி, பேசாமலே வகுப்பு நடத்திக் காட்டுகிறேன் என்றிருக்கிறாள். ஜூலைக் கடைசியில் வந்து பார்க்கிறேன், பார்த்த பிறகு முடிவு சொல்கிறேன் என்றாராம் தலைமையாசிரியை. இனி எல்லாம் என் கையில் என்கிறாள் அக்கா.

ஜூன் 20

ஆபரேஷனுக்கு முன்னால் பாடங்களை அக்கா குரலிலேயே பதிவு செய்துவிடலாம் என்றேன். "உயிரோட இருக்கும்போதே எனக்கு நினைவஞ்சலியா?" என்று சண்டைக்கு வந்தாள். பிறகு அவளே சன்னலுக்குப் போர்வையைக் கட்டிவிட்டு மைக் முன்னால் உட்கார்ந்தாள்.

ஒரு கதையில் ராஜா வந்தார். என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு ஜலதோஷக் குரலில் ஆரம்பித்தாள். நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டேன். மூன்று பாடம் முடிவதற்குள் குரல் உடைந்து போனது. இனி ஒரு சொல்கூடப் படிக்க வேண்டாம் என்றுவிட்டார் டாக்டர்.

ஜூன் 24

இன்று ஆபரேஷன். உள்ளே போவதற்கு முன் அக்கா கடைசியாகப் பேசியது, அத்தானிடம்: "அடுப்பை அணைச்சீங்கதானே?"

ஜூலை 2

கட்டியை எடுத்தாகிவிட்டது. அக்கா கையில் சிலேட்டோடு நடமாடுகிறாள். கோபம் வந்தால் எழுத்து பெரிதாகிறது.

மிச்சப் பாடங்களுக்குக் குரல் வேண்டும். என் மனைவியின் தோழி வானொலியில் அறிவிப்பாளர், காசு வாங்காமல் படித்துத் தருகிறேன் என்றிருக்கிறார். அதற்குள் குரலோடு நிறம் சரியாக நகர்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. கதவைத் தாழ் போட்டுக்கொண்டு ஒரு பாடத்தை நானே படித்துப் பதிவு செய்தேன். அடுத்த வரிக்குத் தாவிவிடுகிறேன், சொல்லை முழுங்குகிறேன், பெருமூச்சு விட்டு "இரு, மறுபடி" என்று வரியின் தொடக்கத்துக்கே போகிறேன். சே. நிறம் மட்டும் பிசகாமல் கூடவே வருகிறது, நான் திரும்பினால் அதுவும் திரும்புகிறது. சோதனைக்கு அது போதும். அறிவிப்பாளர் குரல் வந்ததும் முதல் வேலையாக இதை அழிக்க வேண்டும்.

ஜூலை 14

அறிவிப்பாளரின் பதிவுகள் வந்தன. என்ன குரல். ஒரு இடத்தில் தடுக்க வேண்டுமே. பொறாமையாகக்கூட இருந்தது. எல்லாப் பாடத்தையும் ஏற்றிவிட்டேன்.

ஜூலை 29

எழுதிவிட வேண்டும்.

இன்று தலைமையாசிரியை வந்து பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அக்கா கரும்பலகை ஓரம் சிலேட்டோடு நின்றாள். நான் கதவருகில். முதலில் அறிவிப்பாளர் படித்த பாடம். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு அழகாகக் கேட்டார்கள். முடிந்ததும் அக்கா, இப்போது நீங்கள் படியுங்கள் என்று சைகை செய்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கேள்விக்குறி என்று நாங்கள் கூப்பிடும் பெண் ஒருத்தி உண்டு. ஓயாமல் கேள்வி கேட்பாள், படி என்றால் மட்டும் மேசையோடு வளைந்துவிடுவாள். அவள் வளைந்துவிட்டாள்.

"அடுத்த பாடம் போடுங்க, பார்ப்போம்" என்றார் தலைமையாசிரியை. அக்கா பொத்தானை அழுத்தினாள்.

அத்தனை போன்களிலிருந்தும் என் குரல்.

அழிக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் மாற்றியவன் அந்த ஒன்றை மாற்ற மறந்திருக்கிறேன். முழுங்குகிறேன், தாவுகிறேன், பெருமூச்சு. "இரு, மறுபடி." ஆயுசு பூராவும் எதை மூடி மறைத்தேனோ அது ஒரு அறை முழுக்கக் கேட்கிறது. நிறுத்தப் பாய்ந்தேன்.

"நிறுத்தாதீங்க சார்" என்றாள் கேள்விக்குறி. நிமிர்ந்திருந்தாள். "இவருக்கும் எழுத்து ஓடுது."

அப்படியே நின்றுவிட்டேன். குரல் முடிந்தது. யாரும் சொல்லாமலே அவள் படிக்க ஆரம்பித்தாள். மூன்றாவது சொல்லில் மாட்டிக்கொண்டாள். என்னைப் போலவே ஒரு பெருமூச்சு விட்டு, "இரு, மறுபடி" என்று தொடக்கத்துக்குப் போனாள். வரியை முடித்துவிட்டாள். பிறகு பக்கத்துப் பையன். பிறகு ஆளாளுக்கு நான் நான் என்று. அறை முழுக்க "இரு, மறுபடி"தான். ஒருவரும் ஒருவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

தலைமையாசிரியை எழுந்து வந்தார். "இந்தப் பொண்ணு படிச்சு நான் இன்னிக்குத்தான் கேக்கறேன். வகுப்பு இப்படியே இருக்கட்டும் டீச்சர்." கதவருகே நின்று, "ஆமா, அது யாரு குரல்?" என்றார். அக்கா சாக்பீஸை என் பக்கம் நீட்டினாள்.

நாளைக்குள் மாற்றிவிடுகிறேன் என்றேன் அக்காவிடம். பெரிய எழுத்தில் பதில் வந்தது: மாத்தினா கையை ஒடிப்பேன்.

ஆகஸ்ட் 11

பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் என்னைப் பார்த்ததும் "மறுபடி சார் வந்துட்டாரு" என்று உள்ளே ஓடினார்கள். பக்கத்துப் பள்ளி டீச்சர் ஒருவரும் தன் பழைய போன்களோடு வந்து செயலியை ஏற்றிக்கொண்டு போனார். அறிவிப்பாளர் படித்த பாடங்களையும் நான்தான் திரும்பப் படித்துப் பதிவு செய்கிறேன். இப்போதெல்லாம் கதவைத் தாழ் போடுவதில்லை.

செப்டம்பர் 6

அக்காவுக்குக் குரல் வந்துவிட்டது. பழைய குரல் இல்லை. கரகரவென்று, மூக்கடைத்த மாதிரி, அந்த ராஜாக்களின் குரல். இனி இதுதான் என்றாராம் டாக்டர். பேசலாம், நீளமாகப் படிக்க மட்டும் கூடாது. "ஜலதோஷம் நிரந்தரமாயிடுச்சுடா" என்றாள். சிரித்தேன், அழுகையும் வந்தது.

சாயங்காலம் என் அறைக்கு வந்து தரையில் படுத்தாள். இந்த வயதில் காலைத் தூக்கிச் சுவரில் வைத்துக்கொண்டாள். "ஏதாவது படி" என்றாள்.

"எந்தப் புத்தகம்?"

"நீ எழுதிட்டிருக்கியே, அது."

முதல் பக்கத்தைத் திறந்தேன். ஜூன் 4. இன்று பாதி நாள் ஒரு — இரு, மறுபடி.

அக்கா எழுந்து போய் மேசை விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்து படுத்தாள்.