ரெசல்யூட்டுக்கு ஒன்றரை மணி நேரம்

கிரைஸ் ஃபியோர்ட்
4 மார்ச் 1991

அன்பு மகன் ஜோசபிக்கு,

உன் அம்மா ஆலுக்கி எழுதுவது. நலமா? தெற்கிலிருந்து இந்தப் பனி ஊருக்கு வந்திருக்கும் புது டீச்சர் இந்த வரியைப் பார்த்துவிட்டு, "பெத்த அப்பாவையா மகன்னு எழுதுற?" என்று கேட்டார்.

"செத்துப்போன அவரோட அம்மா பேரை எனக்கு வச்சிருக்காங்க டீச்சர். அதனால எங்க வழக்கப்படி அவருக்கு நான் அம்மாதான்."

"அப்ப அவரை அதட்டவும் செய்வியா?"

"தேவைப்பட்டா."

என்னை மாமா வீட்டில் விட்டுவிட்டு, நீ ரோடாவைக் கட்டிக்கொண்டு ரெசல்யூட்டுக்குப் போய் ஒரு வருடமாகிறது. வகுப்பு வரைபடத்தில் நூல் பிடித்து அளந்தேன். இரண்டு ஓடுதளங்களுக்கும் நடுவே சுமார் முந்நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். சின்ன விமானத்துக்கு ஒன்றரை மணி நேரம் போதும். ஈஸ்டர் விடுமுறையை உன்னோடு கழிக்க வரட்டுமா?

உன் அம்மா,
ஆலுக்கி


ரெசல்யூட்
14 மார்ச் 1991

என் அம்மாவுக்கு,

நலம். உன் கையெழுத்து அழகாகிவிட்டது. இங்கே ஓயாத பனிப்புயல். ஓடுதளமே கண்ணுக்குத் தெரியவில்லை. விமானம் எதுவும் கிளம்புவதில்லை. ஈஸ்டருக்கு வேண்டாம், பிறகு பார்க்கலாம்.

உன் மகன்,
ஜோசபி


கிரைஸ் ஃபியோர்ட்
15 மார்ச் 1991

மகனே,

விமானமே கிளம்பவில்லை என்று நீ எழுதிய கடிதம் மறுநாளே விமானத்தில் வந்து சேர்ந்தது. விமானியிடம் கேட்டேன். "புயலா? ஒரு வாரமா வானம் கண்ணாடி மாதிரி இருக்கு. யார் சொன்னது உனக்கு?" என்றார். நான் உன் பெயரைச் சொல்லவில்லை.

பொய் சொல்லும் பிள்ளையாக உன்னை நான் வளர்க்கவில்லை. மாமா டிக்கெட் எடுத்துத் தந்துவிட்டார். 28, வியாழக்கிழமை வருகிறேன். உனக்குப் பிடித்த காய்ந்த மீன் கொண்டுவருகிறேன். விமான நிலையத்துக்கு வந்து நில்.

உன் அம்மா


ரெசல்யூட்
28 மார்ச் 1991

ஆலுக்கிக்கு,

இதை ரோடா கொண்டுவந்து தருவாள். நான் வண்டியிலிருந்து இறங்கப்போவதில்லை. போன மாதம் எங்களுக்குப் பெண் பிறந்தாள். என் அம்மாவின் பெயரை அவளுக்கும் வைத்துவிட்டேன். அம்மா என் வீட்டுக்கே வந்துவிட்டாள், இனி அங்கே ஒருத்தி எனக்குத் தேவையில்லை. உன் முகத்தைப் பார்த்தால் பழைய வீடு நினைவுக்கு வருகிறது. வந்த விமானத்திலேயே திரும்பிவிடு. இனிமேல் மகனே என்று எழுதாதே.

ஜோசபி


ரெசல்யூட் விமான நிலையம்
அதே நாள்

ஜோசபிக்கு,

விமானத்துக்கு எண்ணெய் நிரப்புகிறார்கள். அதற்குள் எழுதுகிறேன். ரோடா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அருகில்தான் நிற்கிறாள். "இவ்ளோ தூரம் வந்ததுக்கு ஒரு டீயாவது குடிச்சிட்டுப் போயேன்" என்று சிரித்தாள்.

"வேணாம். பாப்பா தலைய மூடுங்க, குளிருது" என்றேன்.

ஒரே பெயர்கொண்ட இருவர் பகைக்கக் கூடாது. உனக்கும் தெரியும். அதனால் பாப்பாவை நான் வெறுக்க முடியாது. என் விரலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நான்தான் விடுவிக்க வேண்டியிருந்தது.

கண்ணாடிக்கு வெளியே உன் வண்டி தெரிகிறது. இஞ்சினைக்கூட நீ அணைக்கவில்லை.

நீ சொன்னபடியே இனி எழுதமாட்டேன். பாப்பாவுக்குப் பேச்சு வரும்வரை உன்னை மகனே என்று கூப்பிட ஒருவரும் இல்லை.

ஆலுக்கி