அறுந்தால் ஓடும் வண்டி

சித்தப்பா,

இன்று பட்டுக்கோட்டை ரயில்வே கேட்டில் நின்றபோது மீன்தண்ணியும் துருவும் கலந்த அந்த வாடை அடித்தது. எனக்கு முன்னால் ஒரு மீன்காரரின் மொபெட். பெட்டியிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டி, நேராகப் பின்சக்கரத்து பிரேக் கேபிள் மேல் விழுந்துகொண்டிருந்தது. உங்கள் வண்டியிலும் அதே இடம்தான். குனிந்து பார்த்தேன். இரண்டு இழைதான் மிச்சம்.

நான் இன்ஜினியரிங் படித்த காலத்தில், மீன்பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு என்னை பஸ் ஏற்றிவிட வந்தீர்கள். இதே கேட் மூடியிருந்தது.

"நாமெல்லாம் வண்டிய ஆஃப் பண்ணிட்டு நிக்கிறோம். ஸ்டேஷன்ல அந்த டீசல் ரயில் எஞ்சின மட்டும் ஏன்டா உறும விட்டுட்டு நிக்கிறான்?"

"பிரேக்குக்குக் காத்து வேணும் சித்தப்பா. எஞ்சின் ஓடுனாத்தான் காத்து ஏறும்."

"காத்துக்குழா புட்டுக்கிச்சுன்னா?"

"தானா பிரேக் புடிச்சிக்கும். காத்து இருக்கற வரைக்கும்தான் அது விலகி நிக்கும்."

ஹாண்டில்பாரைத் தட்டினீர்கள். "ரயிலு அறுந்தா நிக்குது. என் வண்டி அறுந்தா ஓடுது. ஏன்டா இப்படிச் செஞ்சான்?"

"உங்க வண்டிக்கு அவ்வளவுதான் வரும்" என்றேன், பெரிய மேதை மாதிரி. அந்தக் கேபிளைக் குனிந்து பார்க்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

ஆறு மாதத்தில், வாய்க்கால் பாலத்து இறக்கத்தில் அது அறுந்தது. முன்பிரேக் என்றைக்கோ செத்திருந்தது. துக்கத்துக்கு வந்தவனெல்லாம் விதி விதி என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விதியாம்! துரு தின்ற முனையை எடுத்துக் காட்டினேன். "சாவு வீட்டுல வம்பு பேசாதடா" என்று பெரியப்பா வாயை அடைத்தார்.

இப்போது மொபெட் கம்பெனியில் பிரேக் பாகங்கள் வரைவதுதான் என் வேலை. பெட்டி கட்டும் இடத்துக்கு நேர்கீழே கேபிள் முனையை வைக்காதீர்கள் என்று மீட்டிங்கில் சொன்னேன். "மீன்பெட்டிக்காகவா டிசைன் பண்றோம்?" என்று மேனேஜர் சிரித்தார். பின்னே யாருக்காக? மீனோ உர மூட்டையோ இல்லாமல் நம் பக்கம் எத்தனை மொபெட் ஓடுகிறது?

இன்று கேட்டில் அந்த மீன்காரரின் வண்டிச் சாவியை உருவிக்கொண்டேன்.

"டேய், யார்ரா நீ? ஐஸ் கரையுதுடா!"

"கரையட்டும்ணே. கேபிள மாத்தாம இந்த வண்டி நகராது."

"லூசுப்பய எங்கேருந்துதான் வர்றானுவளோ!"

என் பையில் எப்போதும் ஒரு கேபிள் கிடக்கும். ரோட்டோரம் உட்கார்ந்து மாட்டினேன். கேட் திறந்து எல்லாரும் போனார்கள். அவர் மட்டும் முணுமுணுத்துக்கொண்டு நின்றார். ஸ்டேஷனில் ஒரு டீசல் எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது.

"ஏன் தம்பி, அத அணைக்கவே மாட்டானுவளா?"

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். காற்று, குழாய், பிரேக் எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் விடவில்லை.

"அப்ப என் வண்டிய ஏன் அப்படிச் செய்யல?"

"ரெண்டு சக்கர வண்டி டக்குன்னு தானா புடிச்சா சாச்சிடும்ணே. ஆனா தண்ணி படாத எடத்துல கேபிள வைக்கலாம். வைக்கல."

உங்களுக்கும் அதே பதில்தான், சித்தப்பா. அன்றைக்கே குனிந்து பார்த்துவிட்டுச் சொல்லியிருக்க வேண்டியது.