தங்கைக்கு நான் போடாத கையெழுத்து

2003 செப்டம்பர் 14, ஞாயிறு

அறுவடைப் பண்டிகைக்கு வந்த மாட்டு விலாக் கறி இன்னும் பாதி குளிர்பெட்டியில் கிடக்கிறது. மிரான் கொண்டுவந்தது. பெரிய அங்காடியில் வாங்கி, பட்டுத் துணி சுற்றிய பெட்டி. என் தங்கைக்கு எப்போதுமே கை தாராளம்.

"எதுக்குடி இவ்வளவு?" என்றேன்.

"கார்டுலதான் அக்கா. பத்து மாசத் தவணை. வலிக்கவே வலிக்காது."

என் வீட்டுக்காரர், யுன்ஜே அப்பா, எலும்பைக் கடித்துக்கொண்டே, "அப்போ அடுத்த கோடை வரைக்கும் இதைத் தின்னுக்கிட்டே இருக்கணுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். அதிகம் சிரித்தது மிரான்தான்.

அவள் போன பிறகு குரோ தொழிற்பேட்டை ஞாபகம் வந்துவிட்டது. விக் தொழிற்சாலையில் நாங்கள் சேர்ந்த முதல் வருஷம், ஊருக்குப் போக பஸ் கட்டணம் இல்லாமல், பண்டிகையை வாடகை அறையிலேயே கழித்தோம். ஒரே ஒரு பேரிக்காய் வாங்கினோம். தோலைக்கூடத் தூக்கிப் போடவில்லை. எனக்கு இருபது, அவளுக்குப் பதினாறு. அந்தப் பேரிக்காயின் இனிப்பு பிறகு எந்தப் பழத்திலும் கிடைத்ததில்லை. நாக்கு மாறிவிட்டதா, பழங்கள் மாறிவிட்டனவா?

செப்டம்பர் 17

மழை. என் முடி அலங்காரக் கடையில் ஆளே இல்லை. மொத்தக் கடைக்குப் போய் முடி சுருட்டும் பெர்ம் மருந்து வாங்கினேன், கார்டில். திரும்பும் வழியில் அதே தொகையைக் கார்டுக் கணக்குக்கென்று தனியாக வங்கியில் போட்டுவிட்டேன். "அப்புறம் எதுக்கு உனக்குக் கார்டு?" என்று இவர் சிரிக்கிறார். வரிக் கணக்குக்கு ரசீது வேண்டும் என்று எத்தனை தடவை சொல்வது!

இவர் கார்டு வாங்கிய கதை தெரியாதா எனக்கு? ரயில் நிலைய வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பெண் ஒரு குடை கொடுத்தாளாம். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றார். குடை முதல் மழைக்கே மடங்கிப்போயிற்று. கார்டு வந்த அன்றே நான் வெட்டிப் போட்டேன்.

செப்டம்பர் 24

மத்தியானம் கடைத் தொலைபேசியில் ஒரு ஆண்குரல். "நீங்க மிரானோட அக்காதானே?" மிக மரியாதையான குரல். அந்த மரியாதைதான் பயமாக இருந்தது. "உங்க தங்கச்சி போன் எடுக்க மாட்டேங்கிறாங்க. கார்டுப் பணம் ரெண்டு மாசமா வரல. நீங்க கொஞ்சம் சொல்லிப் பாருங்களேன்."

தலையில் சுருள் போட்டு உட்கார்ந்திருந்த சலவைக்கடைக்கார அம்மா கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெர்ம் மருந்துக் கம்பெனிக்காரர் என்று அவளிடம் சொல்லி வைத்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மிரான் வந்தாள். கடையின் பின்னறையில் பார்லி டீ போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"எத்தனை கார்டுடி?"

"ஆறு."

"உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"ரெண்டு தெரியும்."

அவள் கணவரின் புகைப்படக் கடை மூடிய வருஷம் தொடங்கியதாம். அவர் தெற்கே கப்பல் கட்டும் ஊருக்குக் கூலிக்குப் போய்விட்டார். இவள் முதல் கார்டை மகளின் தனிவகுப்புக்கென்று வாங்கினாள். அந்தக் கடனை அடைக்க இரண்டாவது. "ஒன்னுல எடுத்து ஒன்னுல போட்டுக்கிட்டே இருந்தேன் அக்கா. அது பாட்டுக்கு ஓடிச்சு. கோடையில எல்லாக் கம்பெனியும் ஒரே நேரத்துல வரம்பைப் பாதியாக் குறைச்சுட்டாங்க. அவ்ளோதான். நின்னுபோச்சு."

"அப்புறம் அந்த விலாக் கறி எதுக்குடி?"

"ஒரு கார்டுல மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. பண்டிகைக்கு எங்கக்கா வீட்டுக்கு எப்படிக்கா சும்மா வர்றது?"

மொத்தம் எவ்வளவு என்று கேட்டேன். யுன்ஜே அப்பா இரண்டு வருஷம் பஸ் ஓட்டினால் கிடைக்கும் சம்பளம். அதில் பாதி வட்டி. அதுவரை மாதாமாதம் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்திருக்கிறாள், கட்டினால் கடன் குறையும் என்று நம்பி.

கார்டுக் கம்பெனியிலேயே எல்லாவற்றையும் ஒரே கடனாக மாற்றித் தருவார்களாம். ஜாமீன் கையெழுத்து ஒன்று போதுமாம். பையிலிருந்து தாளை எடுத்து மேசைமேல் வைத்தாள். என் பெயரை எழுத வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தது.

யோசிக்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 30

இன்று கடை விடுமுறை. வீட்டு வேலையும் ஓடவில்லை.

குரோ நாள்களின் நீலக் கம்பளிக் கோட்டு ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். மியோங்டாங் கடைவீதியில் ஒரு கடைக் கண்ணாடிக்குள் தொங்கியது. சம்பள ஞாயிறுதோறும் நாங்கள் இருவரும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். வாங்க அல்ல, இருக்கிறதா என்று பார்க்க. திரும்பும்போது சுட்ட சர்க்கரைவள்ளி ஒன்று வாங்கி, கை சூடாக்கிக்கொண்டே பாதிப் பாதி தின்போம். குளிர்காலம் முழுக்கச் சேர்த்தோம். வாங்கியபோது வசந்தம் வந்துவிட்டது! விலை குறைத்திருந்தார்கள். மிரான் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தாள். வியர்த்து ஊற்றியது. கழற்றவில்லை. அடுத்த குளிருக்கு ஒருநாள் அவளுக்கு, ஒருநாள் எனக்கு.

அந்தக் கோட்டை நான் போட்டுக்கொண்ட நாள்கள் அவ்வளவாக ஞாபகமில்லை. அது தொங்கிக்கொண்டிருந்த ஞாயிறுகள்தான் ஞாபகம் இருக்கின்றன. அந்தப் பெண்ணா இவள்? எங்கே வழி மாறியது? இவளிடம் காத்திருக்க வேண்டாம் என்று ஆறு கார்டுக்காரர்கள் வந்து சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் வந்திருந்தால் நான் மட்டும் கேட்டிருக்க மாட்டேனா?

யுன்ஜே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "கடை உன் பேர்ல இருக்கு. வீட்டு முன்பணத்துக்கு வாங்கின கடனும் அதை நம்பித்தான். நீ முடிவு பண்ணு யுன்ஜே அம்மா. நான் குறை சொல்ல மாட்டேன்" என்றார். திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அக்டோபர் 5, ஞாயிறு

முடியாது என்று சொல்லிவிட்டேன்.

சந்தைக்குள் நூடுல்ஸ் கடையில். அவள் முகத்தைப் பார்க்காமல், கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "கையெழுத்துப் போட்டா உன் கடன் தீராதுடி. நானும் உன்னோட சேர்ந்து விழுவேன். அப்புறம் பிடிச்சுக்க ஒரு கை இருக்காது."

"அக்கா, அந்த ரூம்ல எனக்குக் காய்ச்சல் வந்தப்போ ரெண்டு ஷிப்ட் பார்த்தியே, அப்போ கணக்குப் பார்த்தியா?"

"அது வேறடி."

"என்ன வேற? இப்போ உனக்குக் கடை இருக்கு. அப்போ ஒன்னும் இல்ல. ஒன்னும் இல்லாதப்போதான் நீ அக்காவா இருந்த." எழுந்துகொண்டாள். "உன் கை கத்தரி பிடிச்ச கை. வெட்டத்தான் தெரியும்."

நூடுல்ஸை அப்படியே வச்சுட்டுப் போயிட்டா. நான் என்ன பண்ணணும்? பையன் யுன்ஜே பட்டாளத்துலேருந்து வந்தா படிக்க வைக்கணும். இந்த மனுஷன் முதுகு வலியோட பஸ் ஓட்டுறாரு. எல்லாத்தையும் தூக்கி அந்த பென்சில் வட்டத்துக்குள்ள போட்டுடணுமா? சொல்லுங்கப்பா யாராவது!

சரியாகத்தான் செய்தேன். சரியாகச் செய்தால் ஏன் இப்படி வலிக்கிறது?

அக்டோபர் 13

மிரான் போன் எடுக்கவில்லை.

அக்டோபர் 30

கடையில் சீட்டுக் கூட்டம். இந்த மாதம் தையல்காரிக்கு விழுந்தது. முன்பெல்லாம் மிரானும் இதில் இருந்தாள். முறை வரும் மாதத்தில் என்ன வாங்கலாம் என்று மூன்று மாதம் முன்பே பேச ஆரம்பித்துவிடுவாள். எல்லோரையும் சிரிக்க வைப்பாள். கார்டு வந்ததும், "யாரு அக்கா இப்படி வரிசையில நிக்கிறது?" என்று சொல்லி விலகிக்கொண்டாள். இன்று அவள் இடத்தில் யாரும் உட்காரவில்லை. தற்செயல்தான்.

நவம்பர் 25, செவ்வாய்

குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடும் நாள். முட்டைக்கோஸ் மலைபோல் வந்து இறங்கியிருந்தது. தனியாக எப்படி முடிப்பேன் என்று உப்பை அள்ளிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. மிரான். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டே வந்தாள். எதிரில் குந்தி, இலை இலையாக உப்புத் தூவ ஆரம்பித்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

மத்தியானம் வரை இருவரும் உப்புத் தூவினோம். பிறகு ஒரு இலையில் மிளகாய்க் கலவையைச் சுருட்டி என் வாயருகே நீட்டினாள். குரோவில் வீட்டுக்கார அம்மாளின் கிம்ச்சிக்கு உதவிக்குப் போய், திருட்டுத்தனமாக இப்படித்தான் ஒருத்திக்கு ஒருத்தி ஊட்டிக்கொள்வோம். வாயைத் திறந்தேன். காரமா, வேறு ஏதாவதா, இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர்.

"வேற ரெண்டு பேர்கிட்டயும் கையெழுத்து கேட்டேன்" என்றாள். "யாரும் போடல. எங்க வீட்டுக்காரர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஆறையும்."

"என்ன சொன்னார்?"

"அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்ல அக்கா."

"கையெழுத்து இப்பவும் போட மாட்டேன்டி" என்றேன். "ஆனா கடன் ஆலோசனை மையம் ஒன்னு திறந்திருக்காங்களாம். கூட வர்றேன். எத்தனை தடவை வேணும்னாலும்."

"கடையை மூடிட்டா?"

"மூடிட்டுத்தான்."

டிசம்பர் 3

காலையிலேயே போயும் வரிசை தெருவரை நின்றது. எல்லோரும் தலையைக் குனிந்தபடி. நல்ல கோட்டுப் போட்ட ஆண்கள், கல்லூரிப் பிள்ளைகள். மிரான் என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். தொழிற்சாலையில் வேலைக்கு எடுக்கும் வரிசையிலும் இப்படித்தான் பிடித்திருந்தாள். அன்று உள்ளங்கை சில்லென்று இருந்தது, இன்றும்.

உள்ளே இருந்த பெண் கடனைப் பற்றி முதலில் கேட்கவில்லை. "மாசம் அரிசிக்கு எவ்வளவு செலவாகுது?" என்றாள். மிரானுக்குத் தெரியவில்லை. மின்சாரம்? தெரியவில்லை. "எல்லாத்தையும் கார்டுல தேய்ச்சுடுவேன்" என்று மெதுவாகச் சொன்னாள். அந்தப் பெண் திட்டவில்லை. தெரிந்துகொண்டு அடுத்த வாரம் வரச் சொன்னாள்.

2004 ஜனவரி 20

கார்டுக் கம்பெனிகள் ஒப்புக்கொண்டுவிட்டன! வட்டியில் பெரும்பகுதி தள்ளுபடி. எட்டு வருஷம், மாதாமாதம் கட்ட வேண்டும். தவறக் கூடாது, புதுக் கார்டு கூடாது. மிரானுக்குப் பள்ளிச் சமையலறையில் வேலை கிடைத்திருக்கிறது.

வெட்ட வேண்டிய கார்டுகளோடு என் கடைக்கு வந்தாள். முடி வெட்டும் கத்தரியை எடுக்கப் போனாள். "அதைத் தொடாதே, கூர் மழுங்கிடும்" என்று, கிம்ச்சி வெட்டும் கத்தரியைக் கொடுத்தேன். ஆறையும் அவளே வெட்டினாள். கடைசித் துண்டு விழுந்ததும், "எட்டு வருஷம் முடியறப்போ எனக்கு ஐம்பது நெருங்கிடும் அக்கா" என்றாள். ஆமாம் என்றேன்.

பிப்ரவரி 29

நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 18, ஞாயிறு

என் பிறந்தநாள். மிரான் காலையிலேயே ஒரு பானையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்தாள். பிறந்தநாளுக்கென்று வைக்கும் கடற்பாசி சூப். போன வருஷம் அங்காடிப் பையில் வாசனைத் தைலம் வந்தது. இன்று பை எதுவும் இல்லை. யுன்ஜே அப்பா இரண்டு கிண்ணம் குடித்துவிட்டு வேலைக்குப் போனார்.

"உப்பு அதிகம்டி" என்றேன்.

"ஓஹோ. இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தவளுக்கு இதுதான் மரியாதையா? குடிக்காதே, கொடு இப்படி."

"குடிக்க மாட்டேன்னு சொன்னேனா? உப்பு அதிகம்னுதான் சொன்னேன்."

"உனக்கு எப்பவும் நான் பண்ணினா குத்தம். அந்த ரூம்லயும் இப்படித்தான்."

"அந்த ரூம்ல நீ சமைச்சதே இல்லையேடி!"

கிண்ணத்தை அவள் ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க, மேசையெல்லாம் சூப். பதினாறும் இருபதுமாக மாறிக் கத்திக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. எங்களுக்குள் இப்படி ஒரு சண்டை வந்து எத்தனை வருஷம் ஆயிற்று.