எருக்குக்குக் கட்டிய தாலி

விளக்கெண்ணெய் தடவிய எருக்கிலை தோசைக்கல்லில் வாடும் வாசனை இன்று காலை சமையலறையில் வந்தது. நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. உங்களைத்தான் கூப்பிட்டேன். போன மழைக்காலத்தில் நீங்கள் போய்ச் சேர்ந்தது அப்புறம்தான் உறைத்தது.

உங்கள் முதல் இரண்டு மனைவிகளும் அற்பாயுசில் போனதால், மூன்றாவதாக வருகிறவளுக்கும் கண்டம் என்றார் ஜோசியர். அதனால் இந்த டெல்லி ஜனக்புரி வீட்டுப் பின்சுவரோரம், ராஜஸ்தான் மணற்காற்று கொண்டுவந்து போட்ட எருக்குக்கு முதலில் தாலி கட்டினீர்கள், பிறகுதான் எனக்கு. கண்டம் செடியோடு போகட்டும் என்று அதை அன்றே வெட்டிவிடுவது வழக்கம். நீங்கள் வெட்டவில்லை.

"கட்டுன கையால எப்படிட்டி வெட்டுவேன்?" என்றீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பணயம் என் உயிர் அல்லவா? ஒவ்வொரு காய்ச்சலிலும் ஜன்னல் வழியே அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். மே மாத வெயிலில் மற்றதெல்லாம் கருக, அது மட்டும் வெளிர் ஊதாவாய்ப் பூத்து நிற்கும். பாவி, சாகவே மாட்டாள்.

என் மூட்டுவலிக்கும் அவள்தான் மருந்து. இலையை வாட்டி, சூடு ஆறுமுன் முழங்காலில் வைத்துக் கட்டுவீர்கள். காலில் முள் ஏறினால் அவள் பாலில் ஒரு சொட்டு. "கண்ணக் கசக்கிராத, பால் பட்டா பார்வை போயிரும்" என்பீர்கள். "மூத்தவ உனக்கு வைத்தியம் பாக்கா பாரு" என்று கேலி வேறு. வலியும் அடங்கிவிடும். அந்த நன்றியைத்தான் என்னால் தாங்க முடியாது.

கடைசியில் நான் போகவில்லை, நீங்கள் போனீர்கள். என் தாலியைக் கழற்றினார்கள்.

வாசனை பின்பக்கம் இழுத்தது. கதவைத் திறந்தால் தோட்டக்காரர் அரிவாளோடு நிற்கிறார். மாடியில் குடியிருப்பவர்களுக்குக் கார் நிறுத்த இடம் வேண்டுமாம். "ஆன்ட்டிஜி, காட் தூன்?" வெட்டிவிடட்டுமா என்று கேட்டபடி இலைகளை விலக்கியவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

தண்டில் மஞ்சள் கயிறு. டெல்லி வெயிலில் என்றோ இற்றுப்போயிருக்க வேண்டியது. தொட்டேன். ஈரமாக இருந்தது, சற்றுமுன் யாரோ மஞ்சள் பூசியதைப் போல.

"ரெஹ்னே தோ, பையா" என்றேன். விட்டுவிடச் சொல்லத்தான் எனக்கும் வாய் வந்தது.

முழங்காலில் அவள் இலையைக் கட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். விரலில் ஒட்டிய மஞ்சள் சோப்புப் போட்டும் போகவில்லை. இந்த வீட்டில் நான் மட்டும்தான் விதவை.