ஆல்டர் தெருவில் இரண்டு மணி நேரம்

நவம்பர் 3, திங்கள்கிழமை

அன்புள்ள கோல்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். குளிர் வந்ததும் முழங்கால் மட்டும் தன் வேலையைக் காட்டுகிறது. உனக்கு அங்கே இன்னொரு போர்வை கொடுத்தார்களா? நான் எழுதும் தாளைச் சிறை அலுவலகத்தில் நகல் எடுத்துத்தான் உன்னிடம் தருகிறார்கள் என்பதால், மங்காமல் இருக்கட்டும் என்று பேனாவை அழுத்தி எழுதுகிறேன். ஏப்ரலுக்குப் பிறகு இது ஏழாவது கடிதம். பதில் வரவில்லையே என்று கோபித்துக்கொண்டு எழுதவில்லை. செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஹீட்டரைச் சுத்தம் செய்ய ஆள் வந்து போனான். இந்தக் குளிர்காலத்தைத் தாங்கிவிடும் என்றான். கூரை ஓரத்துக் குழாயில் மேப்பிள் இலை அடைத்துக் கிடக்கிறது. நான் ஏணியில் ஏறவில்லை, பயப்படாதே.

வெள்ளிக்கிழமை ஹாலோவீன் வந்து போயிற்று. ஆறு மணிக்குத் தீயணைப்பு நிலையத்தில் சங்கு ஊதினால், எட்டு மணிக்கு மறுபடி ஊதுவதற்குள் வேஷம் போட்ட பிள்ளைகள் வீடு வீடாக மிட்டாய் கேட்டு ஊரையே ஒரு சுற்று சுற்றிவிடுவார்கள், உனக்குத் தெரியாததா? நீ போன பிறகு வந்த முதல் ஹாலோவீனுக்கும் நான் வழக்கம்போல மூன்று பை மிட்டாய் வாங்கி, வாசல் விளக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒருவரும் படியேறவில்லை. யாரும் திட்டவில்லை, கல்லெறியவில்லை. நம் வீட்டுக்கு இரண்டு வீடு முன்னாலேயே எதிர்ச்சாரிக்குப் போய், நம்மைத் தாண்டியதும் இந்தப் பக்கம் திரும்பி வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அந்தப் பிள்ளைகளையெல்லாம் பள்ளி வாசலில் தினமும் சாலை கடக்க வைத்தவர் ஆர்லோ. ராத்திரி குடித்தது இறங்காமல் நீ வண்டியெடுத்து மோதி அவர் உயிர்போன அந்தக் காலையில் அவரைச் சுற்றி நின்றிருந்தவர்களும் அவர்கள்தான்.

போன வருஷம் தெருவுக்குப் புதிதாக வந்த ஒரு சிறுமி, தேனீ வேஷத்தில், மூன்று படி ஏறிவிட்டாள். அவள் அம்மா கீழே நின்று மெதுவாகத்தான் கூப்பிட்டாள்: “ஹேஸல், அந்த வீடு வேண்டாம், வா.” குழந்தை இறங்கிப் போய்விட்டது. கையில் எடுத்ததைக் கிண்ணத்தில் திரும்பப் போட்டேன்.

இந்த வருஷம் அப்படி உட்கார மனம் வரவில்லை. முதியோர் இல்லச் சமையலறையில் என்னோடு வேலை பார்க்கும் ட்ரூடி, உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னாள்: “எங்க அக்கா ஊர்ல ஆல்டர் தெருன்னு ஒண்ணு இருக்கு லோர்னா. சுத்துப்பட்டுப் பிள்ளைங்க எல்லாம் அங்கதான் வந்து குவியும். ஏழு மணிக்கே மிட்டாய் தீர்ந்துபோய் பாதி வீட்ல விளக்கை அணைச்சிடறாங்க.” வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு நான்கு பை மிட்டாயைக் காரில் வைத்துக்கொண்டு ஐம்பது நிமிஷம் ஓட்டிப் போனேன்.

ட்ரூடி மிகைப்படுத்தவில்லை. தெருவின் இரண்டு முனையிலும் தடுப்பு வைத்துக் கார்களை நிறுத்தியிருந்தார்கள். கூரை உயரத்துக்கு எலும்புக்கூடு, புல்வெளியெங்கும் அட்டைக் கல்லறைகள், படிக்குப் படி பூசணி விளக்கு. ஒருவர் தன் கார் கொட்டகையையே பேய்க் குகையாக்கி, வாசலில் சூடான ஆப்பிள் சாறு ஊற்றிக்கொண்டிருந்தார். ஆனால் அந்தக் கூட்டத்தில் குழந்தை இல்லாமல் கையில் மிட்டாய்ப் பையோடு தனியாக நடக்கிற பெண் நான் ஒருத்திதான். இரண்டு பேர் திரும்பிப் பார்த்ததும் வந்த வழியே போய்விடலாம் என்று நினைத்தேன்.

அப்போது ஒரு வராந்தாவிலிருந்து, காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் கூப்பிட்டாள்: “ஏம்மா, பையில மிட்டாயா? யாருக்கும் இல்லேன்னா இங்க கொண்டா. என் கிண்ணம் காலி, இந்தப் படை என்னையே தின்னுடும் போல இருக்கு.” பெயர் பெர்னடீன். என் வயதுதான் இருக்கும். பக்கத்து நாற்காலியில் இருந்த பூனையை விரட்டிவிட்டு என்னை உட்காரச் சொன்னாள்.

கோல்பி, எத்தனை பிள்ளைகள் தெரியுமா? சுறாமீன், தீயணைப்பு வீரர், தலையில் சோப்பு நுரை செய்து ஒட்டிக்கொண்ட வாஷிங் மெஷின். வேஷமே போடாமல் நெடுநெடுவென்று ஒருவன் பையை நீட்டினான். “மீசை ஒட்டினதா, முளைச்சதாடா?” என்று கேட்டாள் பெர்னடீன். “முளைச்சதுதான். இன்னிக்கு மட்டும் ஒட்டினதுன்னு வச்சுக்கோங்களேன்” என்றான். நான் வாய்விட்டுச் சிரித்தேன். என் சிரிப்புச் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

ஒவ்வொரு குழந்தையும் நேராக என் முகத்தைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டுப் போனது.

ஏழரை மணி வாக்கில் கூட்டம் கொஞ்சம் குறைந்தது. “உனக்கு எத்தனை பிள்ளைங்க?” என்று பெர்னடீன் கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். பிள்ளையே இல்லை என்று சொல்லிவிட்டேன். நாக்கு தடுக்கவேயில்லை. அவள் என் கையைத் தட்டிக்கொடுத்து, “எனக்கும் இல்ல. அதான் இந்த ஒரு நாள்ல மொத்தமா வாங்கிக்கறேன்” என்றாள். அதன்பிறகு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் இரண்டு மிட்டாய் கூடப் போட்டேன். வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

கிளம்பும்போது என் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டாள். சனிக்கிழமை காலை அவளே போன் செய்தாள். நன்றித் திருநாளுக்குச் சாப்பிட வா என்றாள். “ரெண்டு பேருக்கே வான்கோழி பெரிசு. ஒருத்திக்கு ரொம்பப் பெரிசு” என்றாள். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். மூன்று வருஷமாக அந்த நாளில் என்னை யாரும் கூப்பிட்டதில்லை. பாத்திரம் கழுவி முடிக்கும்வரைகூட என்னால் பொறுக்க முடியவில்லை. ஈரக் கையோடு அவளைத் திரும்பக் கூப்பிட்டு, எனக்கு ஒரு மகன் இருக்கிறான், பெயர் கோல்பி, இருபத்தாறு வயது, இந்த இடத்தில் இருக்கிறான், இந்தக் காரணத்துக்காக இருக்கிறான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஆர்லோவின் பெயரையும் சொன்னேன்.

கேட்டுவிட்டு அவள், “ரெண்டு மணி நேரம் பக்கத்துலயே உக்காந்திருந்தியே லோர்னா” என்றாள். “யோசிச்சுட்டுக் கூப்பிடறேன்.” இன்று திங்கள். இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே போகலாம். அதற்கும் நான் தயாராகத்தான் இருக்கிறேன்.

இதை உனக்கு எழுதக் காரணம் இருக்கிறது. ஏப்ரலில் நான் வந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நீ சொன்னாய்: “பிள்ளையே பெக்கலேன்னு நினைச்சுக்கோம்மா. அப்பதான் ஊர்ல தலை நிமிர்ந்து நடக்க முடியும்.” அடுத்த முறை வந்தபோது பார்வையாளர் பட்டியலில் என் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் நீ என் பெயரை அடித்திருப்பாய். ஒரு சாயங்காலம் நீ சொன்னபடியே இருந்து பார்த்துவிட்டேன். தலை நிமிரவில்லை. வீடு திரும்பும் வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்து விளக்கடியில் காரை நிறுத்திவிட்டு உன் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.

நீ செய்தது சின்னத் தப்பு இல்லை. அதை நான் ஒருநாளும் சின்னதாக்கிப் பேசமாட்டேன், உன்னிடம்கூட. ஆனால் அதைச் செய்தவன் யார் பிள்ளை என்று கேட்டால் பதில் சொல்ல எனக்கு ஒரு வாய் வேண்டும்.

அந்தப் பார்வையாளர் படிவத்தைக் கேட்டு வாங்கி என் பெயரை மறுபடி எழுது. வந்தால் நான் எதையும் கிளறமாட்டேன். நீ பேசாவிட்டாலும் எதிரே உட்கார்ந்துவிட்டு வருகிறேன். ஈரத் தலையோடு படுக்காதே, உனக்குச் சளி பிடிக்கிற மாதம் இது. சாப்பாட்டைத் தள்ளாதே. கடவுள் உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும்.

படிவத்தில் உறவு என்று ஒரு கட்டம் இருக்கும். அதை மட்டும் வெறுமையாக விட்டுவிடாதே.

உன் அம்மா