நித்யாவின் கை நடுக்கம்

செவ்வாய், இரவு. செம்மேடு.

நித்யா இன்றும் டென்னிஸில் தோற்றுவிட்டாள். கடைசி செட்டில் ஐந்துக்கு இரண்டு என்று முன்னால் இருந்தவள், வரிசையாக ஐந்து கேமைக் கோட்டைவிட்டாள். சிக்னல் கிடைக்கும் என்று ஆபீஸ் வாசலில் நின்று போனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தேன். மிளகுக் கன்று கேட்டு வந்த விவசாயி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ஊட்ல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களா?" என்றார்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். நாங்கள் நாலு வருஷம் இரட்டையர் ஆட்டம் ஆடியவர்கள். நான் தோட்டக்கலை ஆபீஸ் வேலைக்கு வந்துவிட்டேன். அவள் டென்னிஸே தொழிலாகப் போய்விட்டாள்.

"ஜெயிக்கப் போறோம்னு தெரிஞ்சாலே கை நடுங்குது புள்ள. அப்பல்லாம் பக்கத்துல வந்து என்னமோ சொல்லுவியே, என்னது அது?"

"ராத்திரிக்குப் பரோட்டாவா, தோசையான்னு கேப்பேன்."

சிரித்தாள். அப்புறம் அழுதாள். "மனசத் தேத்தறதுக்குன்னே இங்க ஒருத்தர் இருக்காரு. ஆனா இப்படிக் கேக்க ஆளில்ல."

சேர்ந்து ஆடிய நாட்களில் என் கையும் நடுங்கும். அதை மறைக்கத்தான் சாப்பாட்டுப் பேச்சை எடுப்பேன். இதை அவளிடம் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை.

இந்த வேலையில் எதற்கும் கை நடுங்குவதில்லை. அந்த நடுக்கம் எனக்கு இன்னும் ஒரே ஒரு தடவை வேண்டும்.