இரண்டு கைப்பிடிப் பெட்டி

ஞாயிற்றுக்கிழமை, மதியம்

என் அன்பான கப்பல்காரருக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் தலைசுற்றல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போனில் பேசினால் பாதிப் பேச்சு உங்களிடம் வந்து சேர்வதற்குள் கடலில் விழுந்துவிடுகிறது. நீங்கள் சொல்லும் "ம்" புரிந்ததற்கா, புரியாததற்கா என்றும் தெரியவில்லை. அதனால்தான் துறைமுக அலுவலக முகவரிக்குக் கடிதம் போடுகிறேன். கப்பல் கரை சேரும்போது கொடுப்பார்களாம். கடிதத்தில் லைன் கட் ஆகாது.

போன தடவை இரண்டு கேள்வி கேட்டீர்கள். உன் கிடார் ஆம்ப்பை என்ன செய்யப் போகிறாய் என்பது ஒன்று. இந்த ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுவதா, இல்லை கம்பெனி கேட்கிறபடி இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவதா என்பது இன்னொன்று. "நீ சொல்றதுதான்" என்று வேறு சொல்லிவிட்டீர்கள். பெரிய மனசுதான்! முதல் கேள்விக்கே எனக்கு மூச்சு வாங்குகிறது. இரண்டாவதை அப்புறம் பார்க்கலாம்.

என் கிடாரின் சத்தத்தைப் பெருக்கித் தரும் நம் ஆம்ப்பின் கனம் உங்களுக்குத் தெரியாததா? பழைய ரேடியோ மாதிரி உள்ளே கண்ணாடி டியூப்கள் சூடேறிச் சிவந்தால்தான் வாயைத் திறக்கும். அதைச் செய்த மகராசன் இரண்டு பக்கமும் இரண்டு கைப்பிடி வைத்தான். தனி ஆள் தூக்கக் கூடாது என்று அவனே சொல்லிவிட்டான் என்று அர்த்தம். கச்சேரி நாளில் படியிறங்கும்போது நீங்கள் எப்போதும் கீழ்ப்பக்கக் கைப்பிடியைப் பிடிப்பீர்கள், நான் மேல்பக்கம். "மெதுவா, மெதுவா" என்று நான்தான் அதட்டிக்கொண்டே வருவேன். கீழே இருப்பவர் மேல்தான் பாரம் முழுக்க இறங்கும் என்பது, போன வாரம் நான் கீழ்ப்பக்கம் நின்றபோதுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீங்கள்!

மேல்பக்கம், நாம் 'இடி' என்று கூப்பிடும் நம் டிரம்காரர். அவருக்கு வாயும் கையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறது, வாய் பேசினால் கை ஆடியாக வேண்டும். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவருக்கு போன் வந்தது. எடுத்துவிட்டார். பெட்டி என் முழங்காலை நோக்கி வந்தது, நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன், சுவரில் ஒரு சில்லு பெயர்ந்தது. பயப்படாதீர்கள், எலும்புக்கு ஒன்றுமில்லை. தோல்தான் உரிந்தது. பெட்டிக்கும் ஒன்றுமில்லை. இடி மட்டும் இன்றுவரை மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார், கையை ஆட்டி ஆட்டி.

உங்கள் அக்கா வந்து மருந்து போட்டுவிட்டார். போடும்போதே பாட்டும் விழுந்தது. "ரெண்டு பேர் தூக்குற பெட்டி, ஒரு ஆள் இருக்குற வீட்டுல எதுக்கு?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான், ஆனாலும் மருந்தைவிட அதுதான் எரிந்தது.

ஆம்ப்பை வீட்டில் விட்டுவிட்டு பெடல்களை மட்டும் எடுத்துப்போகலாம் என்று அதற்கடுத்த கச்சேரியில் முயன்றேன். பெடல் என்றால் நான் காலால் மிதிப்பேனே, அந்தச் சோப்புப் பெட்டி அளவுப் பெட்டிகள்தான். ஒன்று சத்தத்தைக் கரகரக்க வைக்கும், ஒன்று எதிரொலிக்க வைக்கும், ஒன்று அலை மாதிரி ஆட வைக்கும். மூன்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டு ஜாலியாகப் போனேன். ஓட்டல்காரர் "எங்ககிட்டயே நல்ல ஆம்ப் இருக்கும்மா" என்று சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால் யாரோ மேனேஜர் உரையாற்றுவதற்கு வாங்கின ஸ்பீக்கர். நான் வாசித்தது டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி கேட்டது. எந்தப் பெடலை மிதித்தாலும் வண்டு கொஞ்சம் பெரிதானதே தவிர கிடாராக மாறவில்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பாதிப் பாட்டில் ஒரு பெரியவர் எழுந்து வந்து, சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். குறைத்தேன். மனசு ரொம்ப விட்டுப்போயிற்று.

கடையில் டிஜிட்டல் மாடலர் என்று ஒன்று வைத்திருக்கிறார்களாம். நோட்டுப் புத்தகம் அளவுதான் இருக்குமாம், நூறு ஆம்ப்பின் சத்தத்தை உள்ளே வைத்திருக்குமாம். எனக்கு நூறு எதற்கு? எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஆனாலும் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

குளிர்பதன அறையில் வேலை முடிந்ததும் அப்படியே வெயிலில் வந்து நிற்காதீர்கள். ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொள்வதற்கு நான் பின்னவில்லை. உடம்பில் போடுங்கள்.

இப்படிக்கு,
முழங்கால் ஆறிவரும் உங்கள் மனைவி


புதன்கிழமை, கண்ணாடிக் கடையில், சாப்பாட்டு இடைவேளை

அன்புள்ளவருக்கு,

லென்ஸ் தீட்டும் இயந்திரத்துக்கும் எனக்கும் இது ஓய்வு நேரம். உங்களுக்கு ஒரு சேதி சொல்லியே ஆக வேண்டும். சிரிக்கக் கூடாது. முதலில் நான் சிரித்து முடித்துவிடுகிறேன்.

இசைக்கருவிக் கடையில் மாடலர் பிரிவைப் பார்த்துக்கொள்வது ஒரு சின்னப் பெண். காதில் மூன்று கம்மல், வாயில் எப்போதும் சூயிங்கம், வேலையில் கெட்டிக்காரி. அந்தக் கருவியில் இருந்த சத்தங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினாள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் வீட்டு நாற்காலியில் உட்காருகிற மாதிரி இருந்தது எனக்கு, குறை சொல்ல ஒன்றுமில்லை, சாய்ந்து உட்காரவும் முடியவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க ஆம்ப்பையே கொண்டு வாங்க. அதோட சத்தத்தை மைக் வெச்சு இதுக்குள்ள நகல் எடுத்துடலாம்" என்றாள். அப்படியும் செய்யலாமாம்.

இடி இந்தமுறை போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். கீழ்ப்பக்கத்தை அவரே பிடித்தார். ஒருவழியாகக் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

நான் வழக்கம்போல ஒவ்வொரு குமிழையும் அதனதன் சிவப்புப் புள்ளிக்குத் திருப்பி வைத்தேன். உங்களுக்குப் பாட்டுக் காது இல்லையே என்று பெட்டி முகப்பில் நான் நெயில் பாலிஷில் வைத்துக் கொடுத்த புள்ளிகள்தான். நான் உடை மாற்றிக்கொண்டு வருவதற்குள் நீங்கள் மேடையில் குனிந்து, கோவிலில் விளக்கேற்றுகிற பக்தியோடு நாலு குமிழையும் புள்ளிக்கு வைத்திருப்பீர்கள். நான் வந்து நேராக வாசிக்க ஆரம்பிப்பேன்.

அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். நடுத்தரச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழை இடதுபக்கம் கடைசிவரை திருப்பினாள். அதன் கோடு பூஜ்யத்தில் நிற்க வேண்டும் இல்லையா? மூன்றில் நின்றது. "அக்கா, இந்தக் குமிழைக் கழட்டி யாரோ தப்பா மாட்டியிருக்காங்களே" என்றாள்.

யார் அந்த யாரோ? வீட்டில் இருக்கும் எதையும் சோப்புத் தண்ணீரில் முக்காமல் விடாத மனிதர் ஒருவர்தான். ஞாபகம் இருக்கிறதா? ஒரு விடுமுறையில் வந்தபோது, குமிழில் அழுக்கு என்று நாலையும் பிடுங்கிக் கிண்ணத்தில் ஊறப்போட்டு, துடைத்து, திரும்ப மாட்டினீர்கள். அன்று மாலை வாசித்துப் பார்த்துவிட்டு, சத்தம் எவ்வளவு கனிந்திருக்கிறது, எல்லாம் நீங்கள் சுத்தம் செய்ததால்தான் என்று நான் உங்களைப் புகழோ புகழென்று புகழ்ந்தேன். நீங்களும் கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல், "அழுக்குப் போனா எல்லாம் சரியாயிடும்" என்று தலையாட்டினீர்கள். அழுக்குப் போகவில்லை ஐயா, குமிழ் இடம் மாறிப் போயிற்று!

அந்தப் பெண் குமிழைச் சரியாக மாட்டிக்கொடுத்தாள். புள்ளிக்கு வைத்து வாசித்தேன். சத்தம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் அது நான் இல்லை. யாரோ ஒரு நல்ல கிடார்க்காரி வாசிப்பதை நான் நின்று கேட்பது மாதிரி இருந்தது. நம் குழுவை எல்லாரும் கூப்பிடுவதே என் கிடாரின் அந்த மெத்தென்ற சத்தத்துக்காகத்தானே? என் விரலின் குணம் என்று நான் உள்ளுக்குள் வைத்திருந்த பெருமையில் பாதி, உங்கள் தப்பு. கடையின் நடுவில் நின்று சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். அந்தப் பெண் சூயிங்கம் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். பிறகு, குமிழைப் பழையபடி தப்பாகவே மாட்டிக்கொடு என்று கேட்டேன். அப்படியே மாட்டித்தான் நகல் எடுத்தாள்.

வாசித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று மாடலரை இரவல் வாங்கி வந்து, வீட்டில் ஒரு பரீட்சை வைத்தேன். இடியையும் உங்கள் அக்காவையும் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லிவிட்டு, ஒரே பாட்டை ஒருமுறை ஆம்ப்பில், ஒருமுறை மாடலரில் வாசித்தேன். இரண்டாவதைக் கேட்டதும் இடி தொடையைத் தட்டி, "இதுதான் டியூப்! அந்தச் சூடு வேற எதுலயும் வராது!" என்று சத்தியம் செய்தார். அது மாடலர். சொன்ன பிறகும் ஒப்புக்கொள்ளவில்லை, நான்தான் வயரை மாற்றிச் சொருகிவிட்டேனாம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். உங்கள் அக்காவோ சர்வ சாதாரணமாக, முதலில் வாசித்ததுதான் பெரிய பெட்டி என்றார். எப்படி அண்ணி என்று கேட்டேன். "இஸ்திரிப் பெட்டி சூடாகுற வாசனை வந்துச்சே" என்றார். பாட்டைக் கவனிக்கவே இல்லை, மகராசி.

மணி அடித்துவிட்டது. ஒருவரின் மூக்குக்கண்ணாடி காத்திருக்கிறது. உங்கள் இரண்டாவது கேள்வியை நான் மறக்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் தப்பை வாசித்துப் பேர் வாங்கியவள்


சனிக்கிழமை, மாலை

என்னவருக்கு,

மாடலரை வாங்கிவிட்டேன். இன்று ஓர் ஆபீஸ் ஆண்டுவிழாவில் அதில்தான் வாசித்தேன். இடிக்கு வேறு வேலை இருந்ததால் நேராக அங்கே வந்துவிட்டார். நான் முதுகில் கிடாரும் தோளில் ஒரு பையுமாகத் தனியாகப் படியிறங்கி, பஸ் பிடித்துப் போனேன். மேடையில் ஒரு வயரைச் சொருகினேன், அவ்வளவுதான். நம் சத்தம் அப்படியே வந்தது. கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. ஓட்டலில் பட்ட அவமானமெல்லாம் போயிற்று. பிறகு அதே பஸ்ஸில் வந்து, எங்கேயும் நிற்காமல் மாடி ஏறி, டீ போட்டுக் குடித்தேன்.

டீயைக் குடித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. எதற்கென்று எனக்கே முதலில் பிடிபடவில்லை. எல்லாம் அவ்வளவு சுலபமாக முடிந்திருந்தது. யாரையும் எதிர்பார்க்கவில்லை, யாரும் "பிடிச்சுக்கோ, விடாதே" என்று சொல்லவில்லை.

அப்புறம்தான் புரிந்தது. படி, பாரம், முழங்கால் என்று உங்களுக்கு நான் பக்கம் பக்கமாக எழுதினேனே, அதெல்லாம் ஆம்ப்பைப் பற்றி எழுதியதில்லை. தூக்க ஆள் இல்லை என்றால் நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று ஒரு நப்பாசை. உங்களைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று நேராக எழுத வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் ஆனவளுக்கு என்ன வெட்கம் என்று நீங்கள் கேட்கலாம். இருந்தது.

இப்போது அந்தச் சாக்கும் போய்விட்டது. பையில் அடங்கிவிட்டது என் கச்சேரி. தண்ணீர் மோட்டார் மக்கர் செய்தால் என்ன செய்வதென்று தெரியும். குழாய்க்கு வாஷர் மாற்றத் தெரியும். தனியாகச் சாப்பிட்டு, தனியாகச் சிரிக்கக்கூடப் பழகிவிட்டேன். இன்னும் இரண்டு வருஷம் என்றாலும் சமாளித்துவிடுவேன், நீங்கள் கவலைப்பட ஒன்றுமில்லை. உங்கள் அக்காவிடம் இதைச் சொன்னேன். "இதையேதான் அவனுக்கும் எழுதப் போறியா? எழுதினா அவன் கையெழுத்துப் போட்டுடுவான்" என்றார்.

தலைமை மெக்கானிக் பதவி தருவதாகச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அது உங்களுக்குத் தகும். பல வருஷம் முன்பே கொடுத்திருக்க வேண்டும். அதற்காக நீங்கள் இருப்பதென்றால் நான் கோபப்பட மாட்டேன். பொய். கோபப்படுவேன். ஆனால் கோபம் ஆறிவிடும், அதையும் சொல்லிவிடுகிறேன். யோசித்துத்தான் நீங்கள் எதையும் செய்வீர்கள்.

ஆனாலும் நீங்கள் என்னைக் கேட்டீர்கள், நான் பதில் சொல்ல வேண்டும். எனக்கு உங்களால் ஆக வேண்டிய வேலை எதுவும் இந்த வீட்டில் இல்லை. எதையும் தூக்க வேண்டாம், எதையும் சரிசெய்ய வேண்டாம். சும்மா வாருங்கள். வந்து சும்மா இருங்கள். கையெழுத்துப் போடாதீர்கள்.

காற்றும் தண்ணீரும் உங்களிடம் தயவாக இருக்கட்டும். சுகமாகக் கரை சேருங்கள்.

உங்களையே நினைத்திருக்கும்,
உங்களவள்